கொள்ளுக் கஞ்சி

கதை எழுதுகிறவன் கையில் கரண்டியைக் கொடுக்கக் கூடாது என்பது என் மனைவியின் அசைக்க முடியாத அபிப்பிராயம். கதையில் ஒரு பாத்திரம் கெட்டுப் போனால் அடுத்த அத்தியாயத்தில் சரிப்படுத்திக் கொள்ளலாம்; சமையலறையில் ஒரு பாத்திரம் கெட்டுப் போனால் அதை யாராவது உட்கார்ந்து தேய்த்தாக வேண்டும். இந்த நியாயத்தை நான் ஒரு நாளும் மறுத்ததில்லை. ஆனாலும் போன தை மாதத்தில் நாலு நாட்கள் எங்கள் சேலையூர் வீட்டுச் சமையலறையை நான் ஆக்கிரமித்துக் கொண்டுவிட்டேன். செய்ய முற்பட்டது அல்வாவோ பஜ்ஜியோ அல்ல. கொள்ளிலிருந்து மாவுச்சத்தைத் தனியே பிரித்தெடுக்கும் காரியம்.

"கொள்ளா?" என்று நீங்கள் புருவத்தை உயர்த்துவது எனக்குத் தெரிகிறது. கொள்ளு என்றதும் நம்மில் பலருக்கு இரண்டு விஷயங்கள்தான் நினைவுக்கு வரும். ஒன்று, இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழி. மற்றொன்று, குதிரை. இங்கிலீஷ்காரன் அதற்குப் பெயர் வைத்தபோதே குதிரையைச் சேர்த்துத்தான் வைத்தான். எங்களூர் ரயிலில் ஏறினால் சிறிது நேரத்தில் பல்லாவரமும் பரங்கிமலையும் வந்துவிடும். கும்பெனி காலத்திலிருந்து பட்டாளம் இருந்த இடங்கள். பரங்கிமலையில்தான் சென்னைப் பீரங்கிப் படையின் தலைமையிடம் இருந்தது. பீரங்கி இருந்தால் அதை இழுக்கக் குதிரை இருக்க வேண்டும். குதிரை இருந்தால் அதற்கு அவித்துப் போடக் கொள்ளு இருக்க வேண்டும். நம் சீமையில் குதிரைக்கு அதுதான் ஆகாரம்.

ஆனால் மனிதனுக்கும் கொள்ளுக்கும் உள்ள உறவு, குதிரைக்கும் கொள்ளுக்கும் உள்ள உறவைவிடப் பழையது. கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் புதிய கற்கால மக்கள் விட்டுச் சென்ற சாம்பல் மேடுகளைத் தோண்டிப் பார்த்தவர்கள், கருகிய கொள்ளு விதைகளைக் கண்டெடுத்திருக்கிறார்கள். ஏறக்குறைய 4000 வருஷத்துக் கொள்ளு! தென் பாண்டிச் சீமையில் இதைக் காணம் என்பார்கள். கொங்கு நாட்டில் கொள்ளுப் பருப்பும் கொள்ளு ரசமும் விருந்தாளிக்கே படைக்கும் பண்டங்கள். சென்னையைச் சுற்றியுள்ள நமக்குத்தான் அது மளிகைக் கடையில் கடைசி மூட்டை.

இருக்கட்டும். கதாசிரியனுக்குக் கொள்ளின் மேல் திடீர்க் காதல் வந்ததற்குக் காரணம் என் தாயார்.

அம்மாவுக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை வியாதி. தர்மபுரிப் பக்கத்து மானாவாரிக் கிராமத்தில் பிறந்து வளர்ந்தவள். சர்க்கரையை விட்டாள், பழத்தை விட்டாள், காப்பியைக் கஷாயம் மாதிரி முகம் சுளிக்காமல் குடிக்கப் பழகினாள். ஆனால் காலையில் ஒரு டம்ளர் அரிசிக் கஞ்சி மட்டும் வேண்டும். அறுபது வருஷத்துப் பழக்கம். போன மார்கழியில் டாக்டர் அதற்கும் தடை போட்டுவிட்டார். "கஞ்சி கிஞ்சி ஒன்றும் கூடாது பாட்டி" என்று அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அம்மாவும் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். மறுநாள் காலை ஆறு மணிக்கு, வழக்கமாக உட்காரும் இடத்தில், வழக்கமான டம்ளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். டம்ளரில் வெந்நீர் இருந்தது. பார்க்கச் சகிக்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் என் நடைச் சிநேகிதர் குறுக்கிட்டார். ரசாயனப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். காலை வேளைகளில் கிறிஸ்தவக் கல்லூரி மதிலோரமாக இருவரும் நடப்போம். நான் கல்லூரியில் இரண்டு வருஷம் ரசாயனம் படித்துவிட்டு, அதற்கு மேல் படிக்க வழியில்லாமல் வெளியே வந்தவன் என்பது அவருக்குத் தெரியும். அந்த இரண்டு வருஷத்தை வீணாக்கக் கூடாது என்று அவ்வப்போது எனக்குப் பாடம் நடத்துவார்.

"மாவுச்சத்து என்று பொதுவாகச் சொல்கிறோமே ஒழிய, ஒவ்வொரு தானியத்துக்கும் அது ஒவ்வொரு ஜாதி ஐயா" என்றார் அன்று. "அதில் இரண்டு வகை இழை உண்டு. ஒன்று கிளை விட்டுப் படர்ந்தது. இன்னொன்று கிளையில்லாமல் நீளமாகப் போவது. கிளை விட்டதைக் குடல் சீக்கிரம் அறுத்துச் சர்க்கரையாக்கிவிடும். நீள இழை அவ்வளவு சுலபமாக மசியாது. அது மரவள்ளி மாவில் குறைச்சல். பயறு, பருப்பு இனத்தில் அதிகம். பொதுவாக நூற்றுக்கு முப்பது பங்கு, சிலதில் அதற்கு மேலும் இருக்கும். சீனாக்காரன் பாசிப்பயற்று மாவில் கண்ணாடி மாதிரி சேமியா பண்ணுகிறானே, அது கொதிக்கிற தண்ணீரிலும் கரையாமல் நூல் நூலாக நிற்பது எதனால்? அந்த நீள இழையால்தான். ஆறினால் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு இறுகிவிடும்."

"அப்படியானால் கொள்ளு மாவில் கஞ்சி வைத்தால்?"

"வைத்துப் பாருமே!" என்றார் அவர். ஓய்வு பெற்றவர்களுக்கு அடுத்தவர்களுடைய ஓய்வைக் கெடுப்பதில் தனி ஆனந்தம்.

அன்று மாலையே மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலைக் கடைத்தெருவுக்குப் போய் ஒரு கிலோ கொள்ளு வாங்கி வந்தேன். செங்கல் நிறத்தில் சிலது, சாம்பல் நிறத்தில் சிலது, கறுப்புப் புள்ளியோடு சிலது. தட்டையாக, பளபளப்பாக, அழகாகத்தான் இருந்தன. முறத்தில் கொட்டிக் கல் பொறுக்க உட்கார்ந்தேன். அம்மா வந்து எட்டிப் பார்த்தாள். ஒரு கை அள்ளி, விரல் இடுக்கில் வழிய விட்டாள். பிறகு ஒன்றும் பேசாமல் கையைப் புடைவையில் துடைத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள். கையில் தூசி பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கதாசிரியனின் கூரிய பார்வை என்றெல்லாம் நீங்கள் படித்திருப்பீர்கள். அதை நம்பாதீர்கள்.

இனி என் ஆராய்ச்சியைச் சொல்கிறேன். கொள்ளை இரவு முழுவதும் ஊறவைத்தேன். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கிரைண்டரில் போட்டு மைய ஆட்டினேன். பழைய வேட்டித் துணியில் ஊற்றிப் பிழிந்தேன். சக்கை துணியில் நின்றது. பால் கீழே இறங்கியது. கூவைக் கிழங்காக இருந்தால் இத்துடன் பாதி வேலை முடிந்திருக்கும். இரண்டு மணி நேரத்தில் வெள்ளை மாவு அடியில் சுண்ணாம்பு மாதிரி படிந்து, மேலே தெளிந்த நீர் நிற்கும். கொள்ளு அப்படி லேசில் மசிகிற ஆசாமி அல்ல. மாலை வரை பார்த்தேன். மேலே பழுப்புத் தண்ணீர். நடுவிலே வழவழவென்று ஓர் அழுக்கு மண்டி. அடியில் மாவு கொஞ்சமாய், அதுவும் மண்டியோடு ஒட்டிக்கொண்டு. வீடு முழுக்கப் பச்சைப் பயற்று நாற்றம்.

"அதுதான் புரதம்" என்றார் சிநேகிதர், மறுநாள் நடையில். "நூறு கிராம் கொள்ளில் மாவுப் பொருள் 57 கிராம் என்றால் புரதம் 22 கிராம் இருக்கிறது. அதுவும் மெல்லிய நாரும் சேர்ந்து மாவைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கின்றன. ஆராய்ச்சிக்கூடத்தில் கொஞ்சம் காரம் சேர்த்துப் புரதத்தைக் கரைத்து விடுவார்கள். நீர் தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவும்."

கழுவினேன். மேல் தெளிவை இறுத்து, மண்டியைக் கரண்டியால் வழித்து எறிந்து, புதுத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, மறுபடி படியவிட்டு, மறுபடி இறுத்து... ஆறு முறையோ ஏழு முறையோ. கோடைக்கு முன்னாலேயே தண்ணீரை இப்படி இறைத்தால் லாரிக்கு யார் பணம் கொடுப்பது என்று என் சகதர்மிணி கேட்டாள். நியாயமான கேள்வி. சேலத்துக்காரர்கள் 1943 வாக்கில், மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது யுத்தத்தால் நின்று போனபோது, மரவள்ளியைக் கையில் எடுத்து அதை ஒரு பெரிய தொழிலாகவே ஆக்கினார்கள். அதுவும் ஒரு காலத்தில் ஏழையின் பஞ்ச காலத்து உணவுதான். விசாகம் திருநாள் மகாராஜா 1880-களில் திருவிதாங்கூரில் அதைப் பரப்பியதே அரிசிக்கு மாற்றாகத்தான். மரவள்ளிக்கு ஆலைகள் வந்தன. கொள்ளுக்கு ஏன் வரவில்லை என்பது எனக்கு மூன்றாவது நாள் முதுகுவலியோடு விளங்கியது. கிழங்கு தன் மாவைத் தண்ணீர் கேட்டாலே கொடுத்துவிடுகிறது. கொள்ளு கொடுப்பதில்லை.

நாலாம் நாள் வெயிலில் காயவைத்து எடுத்தபோது, ஒரு கிலோ கொள்ளுக்குக் கால் கிலோ மாவுகூடத் தேறவில்லை. ஆனால் என்ன வெள்ளை! விரலில் தேய்த்தால் பட்டாகக் குழைந்தது. மருந்துப் பெட்டியிலிருந்து காயத்துக்குப் போடும் அயோடினை எடுத்து ஒரு சொட்டு விட்டேன். நீலம் பாய்ந்து கறுத்தது. 1814-ல் பிரான்சில் கண்டுபிடித்த சோதனை அது. அந்த நீள இழை சுருளாகச் சுற்றிக்கொண்டு அயோடினை உள்ளே பிடித்து வைத்துக்கொள்வதால் வரும் நிறம். வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். என் மகள் கைதட்டினாள். மனைவி, அந்தச் சொட்டு விழுந்த கிண்ணம் எது என்று கேட்டாள். அம்மா மட்டும் வரவில்லை.

மறுநாள் காலை என் கையாலேயே கஞ்சி வைத்தேன். அரிசிக் கஞ்சியைப் போல அது மெதுவாகக் குழைவதில்லை. வெகுநேரம் தண்ணீராகவே இருந்து, 'இது ஆகாது போலிருக்கிறதே' என்று நாம் நினைக்கும் தருணத்தில் சட்டென்று கெட்டிப்படுகிறது. உப்பும் மோரும் விட்டு அம்மாவின் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். அம்மா என் முகத்தைப் பார்த்தாள், டம்ளரைப் பார்த்தாள், ஒரே மூச்சில் குடித்துவிட்டாள்.

"எப்படி இருக்கிறது அம்மா?"

"எதுவாட்டமும் இல்லை" என்றாள்.

இரண்டு மணி நேரம் கழித்து விரல் நுனியில் ஊசி குத்திப் பார்த்தோம். சர்க்கரை ஏறித்தான் இருந்தது. அரிசிக் கஞ்சி அளவுக்கு இல்லை என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். இட்லி சாப்பிட்ட நாளுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நாலு நாள் உழைப்பு, ஐம்பது குடம் தண்ணீர், ஒரு முதுகு எல்லாம் அந்தச் சின்னக் கருவியின் கண்ணாடியில் ஓர் எண்ணாக வந்து நின்றன.

சிநேகிதர் வீட்டுக்குப் போய்ச் சண்டை பிடித்தேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் யோசித்தார்.

"தப்பு என்னுடையதுதான்" என்றார். "கொள்ளு மெதுவாக ஜீரணமாவது அந்த மாவின் குணத்தால் மட்டும் அல்ல. விதைக்குள்ளே மாவு தனியாகக் கொட்டிக் கிடக்கவில்லை. சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொரு அறைக்கும் கெட்டியான சுவர். உள்ளே மாவுமணிகளைச் சுற்றிப் புரதம். எல்லாவற்றுக்கும் மேலே துவர்ப்பு ஏறிய தோல். இத்தனை கதவையும் குடல் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு போக வேண்டும். அதனால்தான் தாமதம். நீர் மைய ஆட்டிச் சுவரை இடித்தீர். கழுவிக் கழுவிப் புரதத்தை எடுத்தீர். தோலைச் சக்கை என்று எறிந்தீர். அப்புறம் சுடச்சுடக் காய்ச்சிக் கொடுத்தீர். ஆறவிட்டிருந்தாலாவது அந்த நீள இழைகள் கொஞ்சம் இறுகியிருக்கும். வேண்டாததையெல்லாம் கழித்துவிட்டீர் ஐயா. அந்த வேண்டாததுதான் காவல்காரன்."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இதையே சொன்னேன். கூடத்தில் அவளும் நானும்தான் இருந்தோம். அம்மா வெகுநேரம் பேசாமல் இருந்தாள்.

"எனக்குக் கொள்ளு வேணாம் தம்பி" என்றாள் கடைசியில்.

"சர்க்கரைக்கு நல்லது அம்மா. முழுசாகச் செய்தால்..."

"நல்லதுன்னு எனக்கு நீ சொல்லணுமா? அதைத் தின்னு வளர்ந்தவதான் நான்."

பிறகு மெல்ல மெல்லச் சொன்னாள். அவளுக்கு அப்போது பத்து வயசு. இரண்டு வருஷம் தொடர்ந்து மழை பொய்த்துவிட்டது. கேழ்வரகு போயிற்று, சாமை போயிற்று. "கொள்ளு மட்டும் வந்தது. அதுக்குத் தண்ணி எதுக்கு? பனி போதும். மாட்டுக்குன்னு வெச்சிருந்ததை நாங்க தின்னோம். காலையில அதே, ராத்திரியில அதே. பள்ளிக்கூடத்துக்கும் அதேதான் தூக்குல. ஒரு நாள் தூக்கைத் திறந்தப்ப, பக்கத்துல இருந்தவ குதிரை மாதிரி கனைச்சா. மறுநாள் நாலு பேரு கனைச்சாங்க. அப்புறம் நான் வந்தாலே கனைப்பாங்க. தூக்கை எடுத்துக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலே போய்ச் சுவத்தைப் பாத்து உக்காந்து தின்னுவேன். கொஞ்ச நாள்ல தூக்கை வீட்டிலேயே விட்டுட்டுப் போக ஆரம்பிச்சேன். இது உங்கப்பாவுக்குக்கூடத் தெரியாது. கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்தப்புறம் கொள்ளுங்கற வார்த்தையே என் வாயில வந்ததில்லை."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் பிள்ளைப் பிராயம் முழுவதிலும் எங்கள் வீட்டில் கொள்ளு இருந்ததே இல்லை. உளுந்து இருந்தது, மொச்சை இருந்தது, தட்டைப்பயறு இருந்தது. கொள்ளு மட்டும் இல்லை. அதை நான் ஒரு நாளும் கவனித்ததில்லை. நான் கொள்ளின் நிறத்தையும் மணத்தையும் துவர்ப்பையும் நாலு நாள் கழுவி எறிந்து, வெள்ளை மாவை மட்டும் கொண்டு வந்து நீட்டினேன். அம்மா தன் வாழ்க்கையிலிருந்து அதையே ஐம்பத்தைந்து வருஷமாகக் கழுவிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

என்ன சொல்வதென்று தெரியவில்லை. "கனைத்தவள் பெயர் ஞாபகம் இருக்கிறதா?" என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன்.

"இல்லாம என்ன? நல்லாவே இருக்கு" என்றாள் அம்மா. சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பெயரை அவள் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்துக் காலையில் சமையலறையிலிருந்து ஒரு வாசனை வந்தது. பச்சைப் பயற்று நாற்றம் அல்ல. மண்ணில் முதல் தூறல் விழுந்தாற்போல் ஒரு வாசனை. அம்மா வெறும் வாணலியில் கொள்ளை வறுத்துக்கொண்டிருந்தாள். மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று. "நைசா அரைக்கக் கூடாது. ஒண்ணு ரெண்டா உடையணும்" என்றாள் என் மனைவியிடம். சிநேகிதர் அரை மணி நேரம் விளக்கிய சுவர் விவகாரம் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது. உடைத்த கொள்ளை வேகவைத்து, மேலே நின்ற தண்ணீரைக் கீழே கொட்டாமல் ரசத்துக்கென்று எடுத்து வைத்தாள். அதே தண்ணீரைத்தான் நான் குடம் குடமாகச் சாக்கடையில் விட்டேன். மிச்சத்தில் ஒரு கைப்பிடி நொய் போட்டுக் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, மோர் விட்டு, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்தாள். எனக்கும் ஒரு டம்ளர் வந்தது. துவர்ப்பும் வறுத்த மணமும் கொஞ்சம் சொரசொரப்புமாக, எதைக் குடிக்கிறோம் என்று நாக்குக்குத் தெரிந்தது.

அன்று கருவி காட்டிய எண் எங்களுக்குத் திருப்தியாக இருந்தது. ஆனால் ஒரு மனுஷியின் ஒரு விரலில் ஒரு நாள் பார்த்தது விஞ்ஞானம் ஆகிவிடாது. அம்மா மாத்திரையை நிறுத்தவில்லை, நீங்களும் நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம் சொன்னோம். "அளவோடு சாப்பிடுங்கள் பாட்டி" என்றார். இப்போது வாரத்தில் மூன்று நாள் அம்மாவின் டம்ளரில் கஞ்சி இருக்கிறது.

நான் எடுத்த வெள்ளை மாவு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். எறிய மனம் வரவில்லை. ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. அதைக் காய்ச்சி என் வேட்டிக்குக் கஞ்சி போட்டேன். நீள இழை உள்ள மாவு துணியில் நன்றாகப் படலம் பிடிக்கும் என்று சிநேகிதர் சொல்லியிருந்தார். சொன்னது பொய்யில்லை. வேட்டி தகரம் மாதிரி நின்றது. முகூர்த்த நேரத்தில் நான் கீழே உட்கார்ந்தபோது எழுந்த சத்தத்தில் நாதஸ்வரக்காரர் திரும்பிப் பார்த்தார்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். போன வாரம் என் மகள், பள்ளிக்கூட டப்பாவில் கொள்ளுச் சுண்டல் வேண்டும் என்று கேட்டாள். அம்மா வேண்டாம் என்றாள். உருளைக்கிழங்கு பண்ணித் தருகிறேன் என்றாள். குழந்தை பிடிவாதம் பிடித்தது. தேங்காய்த் துருவலைத் தாராளமாகத் தூவி அம்மாதான் கட்டிக் கொடுத்தாள். அன்று பகல் முழுவதும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாயங்காலம் வாசலிலேயே நின்றாள். குழந்தை செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டாள்:

"யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா கண்ணு?"

"எதுக்குப் பாட்டி?"

"டப்பாவைத் திறந்தப்ப."

"ஒண்ணும் சொல்லல. பாதியை அவங்களே தின்னுட்டாங்க. எனக்குப் பசிக்குது."

அம்மா பதில் பேசவில்லை. டப்பாவை வாங்கிக்கொண்டு, அதைத் தானே கழுவி வைக்க உள்ளே போனாள்.